யாரோட ஆடிச்சு?

2021 மே மாதம். ஊரடங்கு. கம்பெனியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள். சென்னை அறையைக் காலிசெய்துவிட்டு கச்சிராயபாளையத்துக்கு வந்திருந்தேன். மாடி அறையில், கல்லூரிக் காலத்து லேப்டாப்பில், நான் எழுதிய ஒரு சின்ன புரோகிராம் இரவும் பகலுமாக கோ ஆடிக்கொண்டிருந்தது. எதிரே ஆடியவையும் புரோகிராம்கள்தான். ஒன்று ஜப்பானில் இருந்திருக்கும், இன்னொன்று ஐரோப்பாவில் ஏதோ ஒரு மூலையில். வேடிக்கை பார்க்க ஆளில்லை, கைதட்டல் இல்லை, கோப்பையும் இல்லை. ஒன்பது நாள் கழித்து அதற்கு ஒரு எண் வந்து நின்றது. 1712.

"அது பெரிய நம்பரா?" என்று கேட்டார் மாமா. அக்கா வீட்டுக்காரர், கரும்பு லாரி ஓட்டுகிறவர்.

"பெருசுன்னு சொல்ல முடியாது மாமா."

"அப்ப சின்ன நம்பரா?"

"அப்பிடியும் சொல்ல முடியாது."

"என்னாம்மா நீ, ஒன்பது நாளா கரண்ட எரிச்சிட்டு பெருசும் இல்ல சின்னதும் இல்லன்ற?"

மாமாவிடம் அன்று சொல்ல முடியாத பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன். அவர் கேட்டதற்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருந்தது. அது அவர் மகனைப் பற்றியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஆட்டம். கோவைப் பற்றி என்று ஆரம்பித்தாலே நம் ஆட்களுக்குக் கோயம்புத்தூர்தான் ஞாபகம் வரும். சீனாவில் வெய்ச்சி, கொரியாவில் பதுக், ஜப்பானில் இகோ. குறுக்கே 19 கோடு, நெடுக்கே 19 கோடு, வெட்டும் புள்ளிகள் 361. கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி ஒரு கல்லை வைக்கவேண்டும். வைத்த கல் நகராது. ஒரு கல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும் காலிப் புள்ளிகளைச் சீனர்கள் அதன் மூச்சு என்கிறார்கள். மூச்சு எல்லாம் அடைபட்டால் கல்லைத் தூக்கிவிடுவார்கள். கடைசியில் யார் அதிக இடத்தை வளைத்தாரோ அவருக்கு வெற்றி. விதி இவ்வளவுதான், பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஆனால் பலகையில் விதிப்படி அமையக்கூடிய நிலைகள் எத்தனை என்று 2016இல் ஜான் டிராம்ப் என்பவர் துல்லியமாகக் கணக்குப் போட்டு முடித்தபோது கிடைத்தது 171 இலக்க எண். கற்றுக்கொள்பவர்களும், புரோகிராம் எழுதிப் பழகுபவர்களும் 9க்கு 9 பலகையில் தொடங்குவார்கள். என்னுடையதும் அதுதான்.

எனக்கு இந்த ஆட்டம் சட்டென்று பிடித்துப்போனதற்கு அப்பாவின் டீக்கடைதான் காரணம். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் வெள்ளிமலை பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் கடை அது. கடைத் திண்ணையில் கரியால் ஆடு புலி ஆட்டம் வரைந்திருக்கும். அழிய அழிய யாராவது மறுபடி வரைவார்கள். மலை மாதிரி ஒரு முக்கோணம், குறுக்கே கோடுகள், 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. புலிக்குக் கடுக்காய், ஆட்டுக்குப் புளியங்கொட்டை. ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்கவேண்டும், பதினைந்தும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக்கூடாது. புலி ஆட்டைத் தாண்டிக் குதித்து வெட்டும். புலிகள் நகர வழியில்லாமல் அடைபட்டால் ஆட்டுக்காரர் ஜெயித்தார். பலம் இல்லாதவை கூடிப் பலமானதை மூச்சுமுட்ட வைப்பது. இதைப் பார்த்து வளர்ந்தவளுக்குக் கோவில் கல்லைச் சுற்றி வளைப்பது புதிதாகத் தெரியவில்லை.

இனி போட்டி. மனிதர்களின் சதுரங்கப் போட்டியில் முதல் விதி மெஷின் உள்ளே வரக்கூடாது என்பது. 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது ஆட்டக்காரர்கள் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் அரங்குக்குள் போனார்கள். கம்ப்யூட்டர் போட்டியில் இது அப்படியே தலைகீழ். மெஷின் ஆடும், மனிதன் கை வைக்கக்கூடாது. 1989இல் லண்டனில் டேவிட் லெவி தொடங்கிய கம்ப்யூட்டர் ஒலிம்பியாடில் புரோகிராம் எழுதியவர் தன் கம்ப்யூட்டரோடு வந்து உட்காருவார். திரையில் வரும் நகர்வைப் பலகையில் வைப்பார், எதிராளியின் நகர்வைத் தட்டெழுதி உள்ளே கொடுப்பார். பூசாரி மாதிரி. சாமி சொல்வதைச் சொல்லலாம், தானாகச் சேர்த்துச் சொல்லக்கூடாது. தன் குழந்தை அபத்தமாக ஒரு கல்லை வைக்கப்போகிறது என்று தெரிந்தும் அந்தக் கல்லைத் தன் கையாலேயே வைக்கவேண்டியிருந்த அந்த ஆட்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

இணையம் வந்ததும் இந்தப் பூசாரி வேலை போயிற்று. ஜிடிபி என்று ஒரு பொது மொழி வந்தது. "கறுப்புக்கு ஒரு நகர்வு சொல்", "வெள்ளை இங்கே வைத்தது" என்பது மாதிரி சின்னச் சின்னக் கட்டளைகள். இந்த மொழி தெரிந்த எந்தப் புரோகிராமும் இன்னொன்றோடு ஆடலாம். கேஜிஎஸ் என்ற கோ தளத்தில் பல வருடங்கள் மாதாமாதம் புரோகிராம்களுக்குப் போட்டி நடந்தது. பெரும்பாலும் ஸ்விஸ் முறை, அதாவது நம் ஊர் செஸ் போட்டிகளைப் போலவே, ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய சமமான புள்ளியில் இருப்பவர்களை மோதவிடுவது. ஒருவர் வீட்டு லேப்டாப்பில் வருவார், இன்னொருவர் பல்கலைக்கழகத்தில் பல கம்ப்யூட்டர்களைக் கோத்துக்கொண்டு வருவார். எடைப்பிரிவு கிடையாது.

இந்தப் போட்டிகளில் மூளைக்கு வேலை வைத்தது ஆட்டத்தைவிட ஆட்டத்தின் முடிவுதான். மனிதர்கள் ஆடும்போது இருவரும் "பாஸ்" சொல்லிவிட்டு, இந்தக் கல் செத்தது, அது உயிரோடிருக்கிறது என்று பேசி முடித்துவிடுவார்கள். பார்த்தாலே தெரியும். மெஷினுக்குப் பார்த்தாலே தெரியாது. உன் கல் செத்துவிட்டது என்று இது சொல்லும், இல்லை என்று அது சொல்லும். நடுவரைக் கூப்பிடலாம், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு முப்பதாவது ஆட்டத்துக்கு எந்த நடுவர் வருவார்? அதனால் கேஜிஎஸ் போட்டியில் ஒரு ஏற்பாடு. செத்த கற்களைப் பற்றி இரண்டு புரோகிராம்களும் ஒத்துப்போகவில்லை என்றால் மறுபடி ஆட்டத்துக்குள் அனுப்பிவிடுவார்கள். செத்தது என்றால் பிடித்துக் காட்டு. அதற்குப் பிறகும் பலகையில் எது மிச்சமோ அது உயிருள்ளது. சீன விதிமுறையைத் தேர்ந்தெடுத்ததற்கும் இதுதான் காரணம். ஜப்பானிய முறையில் தன் எல்லைக்குள் தேவையில்லாமல் ஒரு கல் வைத்தால் ஒரு புள்ளி போகும். சீன முறையில் கல் நின்ற இடமும் புள்ளிதான், அதனால் கடைசிவரை ஆடித் தீர்த்தாலும் நஷ்டமில்லை. முதலில் ஆடும் கறுப்புக்கு இருக்கும் சாதகத்தைச் சமன்செய்ய வெள்ளைக்கு 7.5 புள்ளி கொடுப்பார்கள், கொமி என்று பெயர். அந்த அரைப் புள்ளி சமன் வராமல் இருக்க.

நான் சேர்ந்தது சிஜிஓஎஸ் என்ற சர்வரில். டான் டெய்லி என்பவர் 2000களில் தொடங்கியது. பின்னாளில் அயா என்ற கோ புரோகிராமை எழுதிய ஹிரோஷி யமாஷிதா ஜப்பானிலிருந்து தொடர்ந்து நடத்தினார். இங்கே பேச்சுவார்த்தையே கிடையாது. பலகையில் நிற்கும் எல்லாக் கல்லும் உயிர்தான். செத்த கல்லைத் தூக்காமல் பாஸ் சொன்னால் அது உன் பாடு. சர்வரே ஜோடி சேர்க்கும், ஆட்டம் முடியும், அடுத்த சுற்று தொடங்கும். எப்போது வேண்டுமானாலும் சேரலாம், விலகலாம். கச்சிராயபாளையத்தில் நாம் விலகத் தேவையே இல்லை, மழை ஒரு தூறல் போட்டால் கரண்ட் விலக்கிவிடும். லேப்டாப்புக்கு பேட்டரி உண்டு, மோடத்துக்கு இல்லை. ஜெயிக்கிற ஆட்டத்தில் நேரம் முடிந்து தோற்றதாக என் பட்டியலில் பதினோரு வரிகள் இருக்கின்றன. அந்தப் பதினொன்றையும் சேர்த்துதான் 1712.

இந்த எண் எப்படி வருகிறது? ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இயற்பியல் பேராசிரியர் அர்பாட் ஈலோ, சதுரங்கத்துக்காக உருவாக்கிய கணக்கு இது. உலக சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றுக்கொண்டது. இருவரின் எண்ணுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் இதில் எல்லாம். 200 வித்தியாசம் என்றால் மேலே இருப்பவர் நூற்றுக்கு 76 புள்ளி எடுப்பார், 400 என்றால் 91. எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடினால் எண் ஏறும், மோசமானால் இறங்கும். ஆனால் வித்தியாசம் மட்டுமே தெரிந்த கணக்கு அந்தரத்தில் மிதக்கும். எல்லோருக்கும் ஆயிரம் கூட்டினாலும் கணக்கு மாறாது. அதனால் சிஜிஓஎஸ்ஸில் குனூ கோ என்ற பழைய இலவசப் புரோகிராம் ஒன்றைப் பிடித்து, நீ எப்போதும் 1800தான் என்று ஆணியடித்து வைத்திருந்தார்கள். முளைக்குச்சியில் கட்டிய மாடு மாதிரி. மற்ற எல்லோரும் அதிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளக்கப்படுவார்கள். என் புரோகிராம் அந்த மாட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. பட்டியலின் உச்சியில் இருந்த காட்டாகோ வகைகளுக்கும் எனக்கும் ஆயிரத்துக்கு மேல் இடைவெளி. ஆயிரம் என்றால், கணக்குப்படி முந்நூறு ஆட்டத்துக்கு ஒன்று ஜெயிக்கலாம். மாமாவுக்கு இதை லாரி மைலேஜ் மாதிரி சொல்லிப் பார்த்தேன். மைலேஜ் அடுத்த லாரியைப் பார்த்து மாறாதே என்றார். சரியான மறுப்புதான்.

கோ புரோகிராம்களின் பலம் ஏறிய கதை மற்ற எந்த ஆட்டத்தையும்விட விசித்திரமானது. ரொம்ப நாள் ஏறவே இல்லை. தைவானில் இங் சாங்-கி என்ற தொழிலதிபரின் அறக்கட்டளை ஒரு பரிசு அறிவித்தது. ஒரு இளம் தொழில்முறை ஆட்டக்காரரை சலுகை இல்லாமல் ஜெயிக்கும் புரோகிராமுக்கு 4 கோடி தைவான் டாலர். 2000ஆம் ஆண்டோடு கெடு முடிந்தது. பக்கத்தில்கூட யாரும் போகவில்லை. கிடைத்ததெல்லாம் சின்னப் பரிசுகள். குவாங்சோவில் ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் சென் சிசிங் எழுதிய ஹேண்ட்டாக், 1997இல் சிறுவர்களோடு ஆடி ஜெயித்தது. அதுவும் பதினோரு கல்லை முன்கூட்டியே பலகையில் வைத்துக்கொண்டு. கோவில் இப்படிச் சலுகைக் கல் வைப்பதுதான் பலத்தை அளக்கும் பழைய முறை. பலவீனமானவர் முதலில் சில கற்களை வைத்துக்கொள்வார், பிறகு ஆட்டம். அதே 1997இல்தான் டீப் புளூ கஸ்பரோவை சதுரங்கத்தில் தோற்கடித்தது. அடுத்த வருடம், 1998இல், மார்டின் முல்லர் மெனி ஃபேசஸ் ஆஃப் கோ என்ற நல்ல புரோகிராமுக்கு 29 கல் சலுகை கொடுத்துவிட்டு ஜெயித்தார். இருபத்தொன்பது! பலகையில் பார்த்தால் நடக்க இடமிருக்காது.

1998 நமக்கும் முக்கியமான வருடம். விஸ்வநாதன் ஆனந்த் அந்த ஜூலையில் இத்தாலியில் ரெபெல் 10 என்ற சதுரங்கப் புரோகிராமோடு எட்டு ஆட்டம் ஆடினார். 3க்கு 5 என்று தோற்றார். செய்தி அவ்வளவோடு நின்றுவிட்டது. ஆனால் பிரித்துப் பார்த்தால், தோல்வி எல்லாம் வேக ஆட்டங்களில்தான் குவிந்திருந்தது. முழு நேரம் கொடுத்து ஆடிய இரண்டு ஆட்டங்களில் ஆனந்த் ஒன்றரைப் புள்ளி, மெஷின் அரைப் புள்ளி. "மெஷின் பலமா, ஆனந்த் பலமா?" என்று கேட்டால் எந்தக் கடிகாரத்தில் என்று திருப்பிக் கேட்கவேண்டும்.

கோவில் மாற்றம் 2006இல் வந்தது. பிரான்ஸின் ரெமி கூலோம் எழுதிய கிரேஸி ஸ்டோன், டூரினில் நடந்த கம்ப்யூட்டர் ஒலிம்பியாடில் 9க்கு 9 பலகையில் தங்கம் வாங்கியது. உள்ளே இருந்த யோசனை கேட்க விளையாட்டுத்தனமாக இருக்கும். ஒரு நகர்வு நல்லதா என்று தெரியவேண்டுமா? அங்கிருந்து ஆட்டத்தைக் கிட்டத்தட்டக் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை ஆயிரக்கணக்கான தடவை ஆடிப்பார். எந்த நகர்வுக்குப் பிறகு அதிகம் ஜெயிக்கிறதோ அந்தப் பக்கம் இன்னும் அதிகமாக ஆடிப்பார். என் புரோகிராமும் இதே ஜாதிதான். 2008இல் மோகோ, 800 கோர் கொண்ட சூப்பர் கம்ப்யூட்டரில் ஏறி, ஒரு தொழில்முறை ஆட்டக்காரரை 9 கல் சலுகையில் ஜெயித்தது. 2012இல் ஜென், தாகேமியா மசாகியை 5 கல்லிலும் 4 கல்லிலும். அந்த 4 கல்லில் அப்படியே சில வருடங்கள் மாட்டிக்கொண்டு நின்றது. எல்லோரும் இன்னும் பத்து வருடம் ஆகும் என்றார்கள்.

மீதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2015 அக்டோபரில் ஆல்ஃபாகோ ஐரோப்பிய சாம்பியன் ஃபான் ஹூயியை 5-0 என்று ஜெயித்தது. 2016 மார்ச்சில் சியோலில் லீ செடோலை 4-1. அந்த ஒன்று, நான்காவது ஆட்டம், லீயின் 78ஆவது நகர்வு. 2017 மே மாதம் கே ஜியை 3-0. அதே அக்டோபரில் மனித ஆட்டங்களையே பார்க்காமல் தன்னோடு தானே ஆடிப் பழகிய ஆல்ஃபாகோ ஜீரோ, லீயை ஜெயித்த பதிப்பை 100-0 என்று முடித்தது. 2019 நவம்பரில் லீ செடோல் ஓய்வு பெற்றார். எவ்வளவு முயன்று முதலிடத்துக்கு வந்தாலும் வெல்ல முடியாத ஒன்று மேலே இருக்கிறது என்பதுதான் அவர் சொன்ன காரணம். டேவிட் வூவின் காட்டாகோவும் அந்த வருடம்தான் வந்தது. இலவசம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

மாமாவின் கேள்வி இங்கேதான் இருந்தது. அவர் மகன், என் அக்கா பையன், ஏழாவது படிக்கிறான். கள்ளக்குறிச்சியில் சனி ஞாயிறு செஸ் கிளாஸ். போய்வர பஸ், மாதச் சம்பளம், போட்டிக்கு நுழைவுக் கட்டணம், ஒரு தடவை சேலத்துக்கு, ஒரு தடவை விழுப்புரத்துக்கு. லாரி வருமானத்தில் இது விளையாட்டுச் செலவல்ல. பையனும் ஒரு வருடமாக இரவில் போனில் கடினமான நிலையில் கம்ப்யூட்டரோடு ஆடித் தோற்றுத் தோற்று, பலகையை எடுப்பதையே விட்டிருந்தான். மாமா ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"பத்தாயிரம் ரூவா போனு உலக சாம்பியனையே ஜெயிக்குதுன்றான். அப்ப இவன் என்னாத்துக்கு கத்துக்கறான்? ஜேசிபி வந்தப்பறம் யாராச்சும் கடப்பாரை புடிக்க கிளாஸ் போவானா?"

அக்கா என்னைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்தான். லீ செடோலே அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார் என்று நான் எப்படிச் சொல்வது? ஜேசிபியோடு போட்டி போட இல்லை மாமா, ஓட்டப்பந்தயத்தில் பைக் வருவதில்லையே என்று வழக்கமாக எல்லோரும் சொல்வதை நானும் சொன்னேன். அது எனக்கே பிடிக்கவில்லை. அது ஒரு சமாதானம். மெஷின் எவ்வளவு பலம் என்ற கேள்வியை அப்படியே விட்டுவிட்டு நகர்ந்துவிடுகிற பதில். பலம் என்று நாம் எழுதி வைத்திருக்கும் எண் எதை அளக்கிறது என்பதில்தான் எனக்கு உறுத்தல் இருந்தது.

அந்த உறுத்தலுக்கு உருவம் கொடுத்தவர் திண்ணையில் உட்காரும் ஒரு பெரியவர். வெள்ளிமலைக்கு அப்பால் ஏதோ ஒரு ஊர், கடுக்காயும் புளியும் கொண்டுவந்து போட்டுவிட்டுச் சாயங்கால பஸ்ஸுக்குக் காத்திருப்பார். ஆடு எடுத்து ஆடினால் அவரை அசைக்க முடியாது. ஊரடங்கு தளர்ந்ததும் வர ஆரம்பித்திருந்தார். என் புரோகிராமைப் பற்றி அப்பா பெருமையாகச் சொல்லிவைத்திருக்கிறார் போல.

"யாரோட ஆடிச்சு பாப்பா?"

"மத்த மிஷினோட தாத்தா."

"அதுங்க யாரோட ஆடிச்சு?"

"அதுங்களும் மிஷினோடதான். சிலது தனக்குத் தானே ஆடிக் கத்துக்குது."

கொஞ்ச நேரம் புளியங்கொட்டையை உருட்டிக்கொண்டிருந்தார். "எங்க ஊர்ல எல்லாம் ஒரே கையிதான். ஒரு ஆளுகிட்டதான் எல்லாரும் கத்துக்கினோம். நான் இன்னா வெப்பேன்னு அவனுக்குத் தெரியும், அவன் இன்னா வெப்பான்னு எனக்குத் தெரியும். மொதோ தடவ கீழ எறங்கியாந்து இந்தத் திண்ணயில ஒரு செட்டியாரோட ஆடனேன். மூணு ஆட்டமும் போச்சி. அவுரு நல்லா ஆடல. வேற மாதிரி ஆடனாரு."

"நல்லா ஆடல, வேற மாதிரி ஆடனாரு." இந்த வாக்கியத்தை அன்றே போனில் குறித்துவைத்தேன். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்த வியாதிதான். புதுப் பதிப்பு பழைய பதிப்பை நூற்றுக்குத் தொண்ணூறு முறை ஜெயிக்கும். கொண்டாடுவோம். வெளியே வேறு புரோகிராமோடு விட்டால் ஏறியது பாதிகூட இருக்காது. தன் அண்ணனை எப்படி அடிப்பது என்று மட்டும் கற்றிருக்கும். அதனால்தான் சிஜிஓஎஸ் மாதிரி பொது இடம் தேவைப்படுகிறது. ஆனால் பொது இடத்திலும் வந்தவர்களோடுதானே ஆட முடியும்? எல்லோரும் ஒரே யோசனையில் வளர்ந்தவர்கள் என்றால் அதுவும் ஒரே ஊர்தான், கொஞ்சம் பெரிய ஊர்.

2022 கடைசியில் அமெரிக்காவில் சில ஆய்வாளர்கள் இதைச் செய்துகாட்டினார்கள். கோ நன்றாக ஆடும் புரோகிராமை அவர்கள் எழுதவில்லை. காட்டாகோவைத் தோற்கடிப்பதை மட்டும் குறிக்கோளாக வைத்து ஒரு புரோகிராமைப் பழக்கினார்கள். முதலில் அது கண்டுபிடித்தது ஒரு குறுக்குவழி. எதிராளியின் எல்லைக்குள் சில செத்த கற்களைத் தூவிவைத்து, காட்டாகோவை அவசரப்பட்டு பாஸ் சொல்ல வைப்பது. நான் மேலே சொன்ன அதே விதி: பலகையில் நிற்கும் கல்லெல்லாம் உயிர். மனித விதியில் பார்த்தால் காட்டாகோ ஜெயித்த ஆட்டம், மெஷின் விதியில் தோற்றது. கோ ஆட்டக்காரர்கள் இதை ஒத்துக்கொள்ளவே இல்லை. இது ஆட்டமா, விதியில் ஓட்டை போடுவதா என்று சண்டை. எனக்கும் அப்போது அவர்கள் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது.

பிறகு அந்த ஓட்டையை அடைத்துவிட்டு மறுபடி பழக்கினார்கள். இந்த முறை வந்தது நிஜமான ஒன்று. பலகையின் ஒரு பகுதியில் கொஞ்சம் கற்களை வைத்து, அவற்றைக் காட்டாகோ வளைக்கும்படி விட்டுவிடும். வளைத்து வளைத்துக் காட்டாகோவின் கற்கள் ஒரு மோதிரம் மாதிரி வட்டமாக இணைந்துவிடும். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் ஒரு கல், அந்தப் பக்கம் ஒரு கல் என்று மோதிரத்துக்கு வெளியே சத்தமில்லாமல் வளைக்கத் தொடங்கும். காட்டாகோவுக்குத் தன் மோதிரம் மூச்சடைத்துக் கொண்டிருப்பது தெரியாது. தனக்கு வெற்றி நிச்சயம் என்று எண் காட்டிக்கொண்டே இருக்கும், கடைசி ஓரிரு நகர்வு வரை. பிறகு மொத்தக் கற்களும் ஒரே தூக்காகப் போகும். இந்த வழியில் காட்டாகோவை நூற்றுக்கு 97க்கு மேல் ஜெயித்தார்கள். வட்டம் போடும் அந்தப் புரோகிராமைச் சாதாரண அமெச்சூர்கள் சுலபமாக ஜெயித்துவிடுகிறார்கள் என்பதுதான் இதில் இன்னும் வேடிக்கை.

இதை வரிசைப்படுத்திப் பாருங்கள். காட்டாகோ எந்த மனிதரையும் ஜெயிக்கும். வட்டக்காரன் காட்டாகோவை ஜெயிப்பான். அமெச்சூர் மனிதர் வட்டக்காரனை ஜெயிப்பார். இவர்கள் மூவருக்கும் ஈலோ எண் போடச் சொன்னால் என்ன போடுவீர்கள்? எண்கள் எல்லாம் ஒரு கோட்டில் நிற்பவை. இது கோட்டில் நிற்காது.

2023 பிப்ரவரியில் இன்னொரு படி. அந்த ஆய்வோடு தொடர்புடைய கெலின் பெல்ரின் என்ற அமெச்சூர் ஆட்டக்காரர், மெஷின் உதவி எதுவும் ஆட்டத்தின்போது இல்லாமல், இந்த வட்ட உத்தியை மட்டும் படித்துவைத்துக்கொண்டு, காட்டாகோவில் ஓடும் ஒரு புரோகிராமோடு 15 ஆட்டம் ஆடினார். 14 ஜெயித்தார். ஒரு மனிதர் இதைப் பலகையில் பார்த்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார் என்றும் சொன்னார். லீலா ஜீரோ மாதிரி வேறு புரோகிராம்களும் இதே வட்டத்தில் விழுந்தன. எல்லாம் தன்னோடு தானே ஆடி வளர்ந்தவை. அந்த வட்டத்தை யாரும் யாருக்கும் போட்டதில்லை, அதனால் அடைப்பது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு காட்டாகோவுக்கு இந்த மாதிரி நிலைகளைக் கொடுத்துப் பழக்கினார்கள். தேறியது. 2024இல் வந்த ஆய்வு, அப்படித் தேறியதையும் புதிதாகப் பழக்கிய எதிரியால் வீழ்த்த முடிகிறது என்று காட்டியது.

அக்கா பையனுக்கு இதைத் திண்ணையில் புளியங்கொட்டையை வைத்துக் காட்டினேன். செஸ் கற்றவனுக்குக் கோ பிடிபட ஒரு மணிநேரம் ஆனது. வட்டம் பிடிபட ஐந்து நிமிடம். "சித்தி, அதுக்கு இது தெர்லியா? இவ்ளோ பெருசா தெரியுதே!" என்றான் மறுபடி மறுபடி. அதற்காக அவன் சதுரங்கத்தில் போனை ஜெயித்துவிடப் போவதில்லை. அதை அவனிடம் சொல்லவும் செய்தேன். சதுரங்கத்தில் இது மாதிரி ஓட்டை அகப்படவில்லை, போன் போன்தான். ஆனால் கடினமான நிலையில் வைத்து ராத்திரி தோற்பதை நிறுத்திவிட்டான். பலகை மறுபடி வெளியே வந்தது. மாமா கிளாஸ் சம்பளத்தை முழுப் பரீட்சை வரைக்கும் கட்டுகிறேன், அப்புறம் பார்க்கலாம் என்றிருக்கிறார். அவர் கணக்கு அவருக்கு. டீசல் விலையில் ஈலோ கிடையாது.

பெரியவரோடு பையன் இப்போது சனிக்கிழமை சாயங்காலம் புலி எடுத்து ஆடுகிறான். செஸ் கிளாஸ் முடிந்து கள்ளக்குறிச்சி பஸ்ஸில் வந்து இறங்கியதும் நேரே கடைக்கு. எனக்கு அதைப் பார்த்து ஒரு ஆசை. கோவை முழுசாகக் கணக்குப் போட எந்த மெஷினாலும் ஆகாது. ஆடு புலி அப்படி இல்லை. 23 புள்ளியில் 3 புலியை 1771 விதத்தில் நிறுத்தலாம், மீதி 20 புள்ளியில் அதிகபட்சம் 15 ஆடு. பெருக்கினால் மொத்தம் 184 கோடியே 60 லட்சத்துச் சொச்சம் நிலைகள். ஒரு நிலைக்கு 2 பிட் ஒதுக்கினால் 460 எம்பி சொச்சம், யார் முறை என்பதையும் சேர்த்தால் இரண்டு மடங்கு. ஆடுகளை இறக்கும் கட்டத்துக்கு இன்னும் கொஞ்சம். அந்தப் பழைய லேப்டாப்பே தாங்கும். நேபாளத்தில் 4 புலி, 20 ஆடு வைத்து ஆடும் பாக் சாலை இப்படிக் கணக்குப் போட்டு, இரண்டு பக்கமும் பிழையில்லாமல் ஆடினால் வெற்றி தோல்வி இல்லை என்று ஏற்கெனவே நிரூபித்திருக்கிறார்கள். நம்முடையதைப் போட்டால் அதற்கு எண் தேவையில்லை, யாரோடு ஆடியது என்ற கேள்வியும் இல்லை. எல்லா நிலையும் உள்ளே இருக்கும்.

கோடு எழுத உட்கார்ந்தபோதுதான் முதல் வரியிலேயே விதி தேவைப்பட்டது. எத்தனை ஆடு வெட்டுப்பட்டால் புலி ஜெயித்ததாக அர்த்தம்? பெரியவரைக் கேட்டேன்.

"அஞ்சி போச்சின்னா எழுந்துட வேண்டிதுதான்."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த இன்னொருவர், சின்னசேலம் பக்கம், கிளாஸைக் கீழே வைத்தார். "அதெப்டி அஞ்சி? ஆறு. பத்து ஆட்ட வெச்சிக்கினு நான் எத்தினி தடவ புலிய அடைச்சிருக்கேன்."

"நீ அடைச்சது இன்னா புலி? பூன."

"வா, இப்ப ஆடு. வா!"

பையன் ஏற்கெனவே கொட்டைகளை எண்ண ஆரம்பித்துவிட்டான். அப்பா கடைக்குள்ளிருந்து வெள்ளிமலை வண்டி வந்துவிட்டது என்று குரல் கொடுத்தார். பெரியவர் மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, படியில் ஒரு கால் வைத்தபடி என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, ரெண்டுக்கும் போட்டு வையி. அடுத்த வாரம் வந்து பாக்கறேன்."